ஃப்ளாபேர் – ஜார்ஜ் சாண்ட் கடிதங்கள்: ஒத்துப்போகாமலே நீடித்த ஒரு நட்பு

நிலாமுற்றம்:

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேரும், ஜார்ஜ் சாண்ட் என்ற ஆண் பெயரில் எழுதிய பெண் நாவலாசிரியரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை வரிசையாகப் படித்து முடித்தேன். நானூறுக்கும் மேல் இருக்கின்றன. இதைப் பற்றி நாலு பேரிடம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இந்த இழை.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பண்டைய கார்த்தேஜ் நகரத்தை வைத்து ஃப்ளாபேர் எழுதிய 'சலாம்போ' நாவல் 1862 நவம்பரில் வந்தது. விமர்சகர்கள் பலர் அதைக் குதறினார்கள். 1863 ஜனவரியில் சாண்ட் 'ல ப்ரெஸ்' நாளிதழில் நாவலைப் பாராட்டி எழுதினார். ஃப்ளாபேர் நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். அப்போது அவருக்கு 41 வயது, சாண்டுக்கு 58. முதல் மூன்று வருடம் எப்போதாவது ஒரு கடிதம்தான். 1866இல் பாரிஸின் மாஞ்யி உணவகத்தில் எழுத்தாளர்கள் கூடும் விருந்துகளுக்கு சாண்ட் வர ஆரம்பித்தார். அதே ஆகஸ்டில் ரூவான் நகரத்துக்குப் பக்கத்தில், சேன் நதிக்கரையில் இருந்த ஃப்ளாபேரின் க்ருவாஸே வீட்டுக்குப் போய்த் தங்கினார். ராத்திரி நெடுநேரம் 'புனித அந்தோணியாரின் சோதனை'யின் கைப்பிரதியை ஃப்ளாபேர் அவருக்கு வாசித்துக் காட்டினார். அதற்கப்புறம் சாண்ட் இறந்த 1876 ஜூன் வரை கடிதங்கள் ஓயவில்லை.

இந்த இருவரும் எப்படி நண்பர்களானார்கள் என்பதே எனக்கு வியப்பு. ஃப்ளாபேர் 'மதாம் பொவாரி'க்கு ஏறக்குறைய ஐந்து வருடம் எடுத்துக்கொண்டவர். ஒரு பக்கம் சரியாக அமைய நாள் கணக்கில் உட்காருவார். அம்மாவோடு ஒதுங்கி வாழ்ந்தவர். முன்னேற்றம், ஜனநாயகம் என்றாலே எரிச்சல்படுவார். சாண்ட் நேர்மாறு. பெரி பகுதியில் நோவான் கிராமத்து வீட்டில் மகன், மருமகள், பேத்திகள், ஓயாமல் வந்துபோகும் விருந்தினர்கள். எல்லாரும் தூங்கப் போன பிறகு உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவார். நாவல்கள், நாடகங்கள், கட்டுரைகள் என்று அந்தக் குடும்பம் பெரிதும் அவருடைய பேனாவை நம்பித்தான் நடந்தது. 1848 புரட்சியின்போது குடியரசுக்காகக் குரல் கொடுத்தவர். பழக்கமாவதற்கு முன்னால் தன் காதலி லூயிஸ் கோலேக்கு எழுதிய கடிதங்களில் ஃப்ளாபேர் இதே சாண்டின் எழுத்தைக் கேலி செய்திருக்கிறார்.

1866 நவம்பரில் ஃப்ளாபேர் எழுதுகிறார்: ஒரு சொல்லுக்காகத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க மூளையைப் பிழிவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களிடம் எண்ணம் ஆறாக ஓடுகிறது, என்னிடம் மெல்லிய நீரிழையாகத்தான் கசிகிறது என்கிறார். சாண்டின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. தன் பழைய யாழைக் காற்று தன் இஷ்டத்துக்கு மீட்டிவிட்டுப் போகிறது என்கிறார். நண்பர் இவ்வளவு பாடுபடுவதைப் பார்த்தால் தன்னுடைய சுலபம் தனக்கே சோர்வு தருகிறது என்றும் சொல்கிறார்.

டிசம்பரில் சண்டை தொடங்குகிறது. என் மனதில் உள்ளதைத் தாளில் வைக்க எனக்குத் தீராத அருவருப்பு, நாவலாசிரியனுக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லும் உரிமையே கிடையாது, கடவுள் என்றைக்காவது தன் அபிப்பிராயத்தைச் சொன்னாரா என்று கேட்கிறார் ஃப்ளாபேர். எழுத்தில் மனதை வைக்காமல் இருப்பதா, எனக்குப் புரியவில்லை, சுத்தமாகப் புரியவில்லை என்று சாண்ட் திருப்பி எழுதுகிறார்.

என் எண்ணம் இதுதான். இந்த ஒரு வாக்குவாதம் பத்து வருடம் ஓடியது. யாரும் தோற்கவில்லை, யாரும் சலித்து விலகவும் இல்லை. ஃப்ளாபேர் கடைசியாகச் சொன்ன பதில் கடிதமாக வரவில்லை, 'எளிய இதயம்' என்ற கதையாக வந்தது. படித்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரிசல்காடு:

நல்ல இழை. பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'எளிய இதயம்' சாண்டின் தாக்கத்தால் வந்தது என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே அது உண்மை போல ஆகிவிட்டது.

கதையை எடுத்துப் பாருங்கள். முதல் வரியிலேயே, பொன்-லெவேக் ஊர்ப் பெண்கள் அரை நூற்றாண்டாக மதாம் ஓபேனைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள், காரணம் அவளுடைய வேலைக்காரி ஃபெலிசித்தே என்கிறார். அடுத்து, வருடத்துக்கு நூறு பிராங்குக்கு அவள் என்னென்ன வேலை செய்தாள் என்ற பட்டியல். சமையல், வீடு துடைப்பது, துணி தைப்பது, துவைப்பது, குதிரைக்குக் கடிவாளம் பூட்டுவது, வெண்ணெய் கடைவது. பாவம் என்றோ நல்லவள் என்றோ ஆசிரியர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நூறு பிராங்கு என்ற கணக்கு ஒன்றே போதும். இது சாண்டின் வழி இல்லை. சாண்ட் எழுதியிருந்தால் மூன்றாவது பக்கத்திலேயே அவளுடைய நற்குணத்தை நம்மிடம் எடுத்துச் சொல்லியிருப்பார்.

கதையில் ஃபெலிசித்தே வளர்க்கும் கிளியைப் பற்றி எழுத ரூவான் அருங்காட்சியகத்திலிருந்து பஞ்சடைத்த கிளி ஒன்றை இரவல் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டவர் ஃப்ளாபேர். கடைசி வரை அவர் முறை மாறவே இல்லை.

தாழம்பூ:

தாக்கம் இருந்ததா இல்லையா என்பதற்கு முன்னால் வேறொன்று கேட்க வேண்டும். இந்த நட்பில் யார் கொடுத்தார், யார் வாங்கிக்கொண்டார்?

1869 நவம்பரில் 'உணர்வுக் கல்வி' வெளிவந்து பத்திரிகைகள் எல்லாம் ஃப்ளாபேரை மிதித்தபோது 'ல லிபெர்த்தே'யில் அவருக்காக எழுதியது சாண்ட். அந்த நாவலுக்கு 1848 காலத்து விவரங்கள் தேவைப்பட்டபோது பழைய புரட்சியாளர் பார்பேஸிடம் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பதிப்பாளர் மிஷேல் லெவியோடு ஃப்ளாபேருக்குப் பெரிய சண்டை வந்தபோது சமாதானம் பேசப் போனதும் அவர்தான். நட, உடம்பை அசை, நல்ல காற்றைச் சுவாசி என்று ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய வயதில் மூன்று முறை க்ருவாஸேவுக்குப் பயணம் செய்தார். வா, வா என்று வருடம் தவறாமல் அழைத்தும் ஃப்ளாபேர் நோவானுக்கு வந்தது இரண்டே தடவை. 1869 கிறிஸ்துமஸுக்கும் 1873 ஏப்ரலுக்கும். மற்ற நேரமெல்லாம் வேலை, வேலை என்ற பதில்தான்.

வந்தபோதும் என்ன செய்தார்? சாண்டின் நாட்குறிப்பைப் பாருங்கள். முதல் வரவில் சாண்டின் மகன் மொரீஸின் பொம்மலாட்டத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார், பெண் வேடம் போட்டு ஸ்பானிய நடனம் ஆடினார், வீடே பைத்தியம் பிடித்த மாதிரி கூத்தடித்தது. அது அழகு. ஆனால் 1873 வரவின் முடிவில் சாண்ட் எழுதியது வேறு. அருமை ஃப்ளாபேரால் களைத்து உடம்பெல்லாம் வலிக்கிறது, அவரை மிகவும் நேசிக்கிறேன், நல்ல மனிதர், ஆனால் அவருடைய ஆளுமை பொங்கி வழிகிறது, எங்களை நொறுக்கிவிடுகிறார் என்கிறார். மற்றவர்கள் ஆடலாம் பாடலாம் என்றிருக்கும்போது இலக்கியம் மட்டுமே பேச வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார் மனிதர். அப்போது அங்கே வந்திருந்த ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் அந்த வீட்டோடு எவ்வளவு இயல்பாகக் கலந்துகொண்டார்!

அந்த நட்பின் சுமையில் பெரும்பகுதி அந்த அம்மாவின் தோளில்தான் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டும்.

நிலாமுற்றம்:

தாழம்பூ, நாட்குறிப்பை எடுத்துப் போட்டதற்கு நன்றி. அந்த வரி எனக்கும் பிடிக்கும். களைத்துப் போனேன் என்று நாட்குறிப்பில் எழுதியவர் அதற்குப் பிறகும் அதே அன்போடு கடிதம் எழுதுகிறார். அந்தக் களைப்பு நட்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஃப்ளாபேர் வாங்கிக்கொள்ள மட்டுமே செய்தார் என்பதை ஏற்க முடியவில்லை. 1864இல் ஓதியோன் அரங்கில் சாண்டின் 'வில்மேர் பிரபு' நாடகம் முதல் நாள் அரங்கேறியபோது ஃப்ளாபேர் கண்ணீர் விட்டு அழுதார் என்று சாண்டே மகனுக்கு எழுதியிருக்கிறார். அப்போது அவர்கள் நெருங்கிய நண்பர்கள்கூட இல்லை. கடைசி வரை 'ஆசானே' என்று அழைத்தவர். சாண்ட் நீ என்று ஒருமையில் எழுதத் தொடங்கிய பிறகும் இவர் நீங்கள் என்பதை விடவில்லை. அந்தக் காலத்தில் பாரிஸின் இலக்கிய ஆண்களில் எத்தனை பேர் ஒரு பெண் எழுத்தாளரை ஆசான் என்று அழைத்தார்கள்? அதே வட்டத்து எழுத்தாளர்களான கொன்கூர் சகோதரர்கள் சாண்டைப் பற்றி எழுதி வைத்திருக்கும் ஏளனங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

அப்புறம் க்ருஷார் இருக்கிறாரே! க்ருஷார் பாதிரியார் என்று ஒரு கற்பனை ஆளை ஃப்ளாபேர் உருவாக்கினார். 'மனமுடைந்த சீமாட்டிகள்' மடத்துப் பெண்களின் பாவ அறிக்கையைக் கேட்டு மன்னிப்பு வழங்கும் குரு. 1873இல் அவருடைய வாழ்க்கை வரலாறாக ஒரு சின்ன நகைச்சுவைப் பிரதியே எழுதி சாண்டுக்குக் காணிக்கையாக்கினார். கடிதங்களில் 'உங்கள் கிழட்டு க்ருஷார்' என்று கையெழுத்துப் போடுவார். சாண்ட் அவரை 'என் கிழட்டு பாணனே' என்பார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் மனிதர் ஒரே ஒரு வாசகிக்காக இப்படி விளையாடியிருக்கிறார். இதையும் கொடுத்த கணக்கில் சேருங்கள்.

இரவுவாசகன்:

நான் 'மதாம் பொவாரி' மட்டும் படித்தவன். சாண்டைப் படித்ததில்லை, இசைக்கலைஞர் ஷோபினோடு வாழ்ந்தவர் என்று மட்டும் தெரியும். ஒரு சந்தேகம். இவர்களுக்குள் காதல் இருந்ததா? 'கடைசிக் காதல்' என்று ஒரு நாவலை சாண்ட் இவருக்குக் காணிக்கையாக்கினார் என்று எங்கோ படித்தேன்.

அச்சுக்கோப்பு:

தம்பி, அந்த நாவல் 1866இல் வந்தது, காணிக்கையும் உண்மை. தலைப்பைப் பார்த்து அன்றைக்கே நாலு பேர் சிரித்துப் பேசத்தான் செய்தார்கள். ஆனால் கடிதங்களில் காதலுக்கு ஒரு தடயமும் இல்லை. சாண்டோடு பல வருடம் வாழ்ந்த மான்சோ 1865இல்தான் காசநோயில் இறந்திருந்தார். ஃப்ளாபேருடைய நெருங்கிய நண்பர் பூயே 1869 ஜூலையில் போனார், அக்டோபரில் விமர்சகர் சாந்த்-பெவ் போனார், 1872 ஏப்ரலில் அம்மா, அந்த அக்டோபரில் கவிஞர் கோத்தியே. இருவருமே ஆட்களை இழந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. 1872இல் சாண்ட் ஃப்ளாபேரைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறார், வேறொருத்தியைத்தான். அந்த யோசனையே விசித்திரமாகப் படுகிறது என்று அவர் மறுத்துவிடுகிறார். பேச்சு அந்த மட்டத்தில் இருந்தது.

இதுவரை யாரும் 1871ஐத் தொடவில்லை. எனக்கு இந்தக் கடிதங்களின் உச்சம் அதுதான், எனவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1870 ஜூலையில் பிரஷ்யாவோடு போர். செப்டம்பரில் மூன்றாம் நெப்போலியனின் பேரரசு கவிழ்ந்தது. குளிர்காலத்தில் பிரஷ்யப் படைகள் நார்மண்டிக்கு வந்து க்ருவாஸே வீட்டிலேயே தங்கின. ஃப்ளாபேர் தன் கடிதங்களைப் பெட்டியில் போட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட்டு அம்மாவோடு ரூவானுக்குப் போய்விட்டார். நோவான் பக்கம் பெரியம்மை பரவியதால் சாண்டும் குடும்பத்தோடு கொஞ்ச நாள் வேறிடம் போக வேண்டியிருந்தது. அடுத்து 1871 மார்ச்சில் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு, மே மாதத்தில் அது இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாண்டும் கம்யூனை ஆதரிக்கவில்லை, கடுமையாகவே கண்டித்தார். அவருடைய பழைய இடதுசாரி நண்பர்கள் சிலருக்கு அது பெரிய வருத்தம். ஆக இருவருமே மனம் ஒடிந்த நிலையில்தான் பேனாவை எடுக்கிறார்கள்.

செப்டம்பரில் ஃப்ளாபேர் கொட்டித் தீர்க்கிறார். எல்லாருக்கும் வாக்குரிமை என்பது மனித அறிவுக்கே அவமானம், அதை முதலில் ஒழிக்க வேண்டும். இலவசக் கட்டாயக் கல்வியால் முட்டாள்களின் எண்ணிக்கைதான் கூடும். படித்த மேதைகள் கையில் ஆட்சி இருக்க வேண்டும். அக்டோபரில், பாட்டாளியை முதலாளியின் மடமைக்கு உயர்த்துவதுதான் ஜனநாயகத்தின் கனவெல்லாம் என்றும் எழுதுகிறார். மேற்கோள் பிரியர்கள் இன்றைக்கும் தூக்கித் திரியும் வரி அது.

சாண்டின் பதிலில் முதல் வரியே அடிக்கிறது. என்ன, நான் நேசிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்கிறாயா? வாழ்நாள் முழுக்க ஏமாந்துபோனேன், மனிதகுலம் இழிவானது, வெறுக்கத்தக்கது, எப்போதும் அப்படித்தான் இருந்தது, இனியும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டும் என்கிறாயா? இப்படிக் கேட்டுவிட்டுப் பக்கம் பக்கமாக வாதம் செய்கிறார். மக்களை வெறுப்பவன் தன்னையும்தான் வெறுக்கிறான், ஏனென்றால் மக்கள் என்பது நாம்தான் என்பது அதன் சாரம். அதை ஒரு கட்டுரையாக்கி, 'ஒரு நண்பருக்குப் பதில்' என்ற தலைப்பில் அக்டோபரில் 'ல தாம்' நாளிதழில் வெளியிட்டார். நண்பர் யார் என்று பெயர் சொல்லவில்லை.

ஃப்ளாபேருக்கு மனம் இளகியது, கருத்து இளகவில்லை. அடுத்தடுத்த கடிதங்களிலும் அதே பல்லவிதான். நட்பிலும் ஒரு கீறல் விழவில்லை.

கரிசல்காடு:

அச்சுக்கோப்பு ஐயா, ஒரு கேள்வி. அந்தரங்கமாக வந்த கடிதத்துக்கு நாளிதழில் பதில் எழுதுவது சரியா? பெயர் இல்லாவிட்டாலும் வட்டத்தில் உள்ளவர்களுக்கு யார் என்று தெரிந்திருக்காதா? எனக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது.

அச்சுக்கோப்பு:

உறுத்தல் நியாயம்தான். ஆனால் சாண்ட் இருந்த இடத்தையும் பாருங்கள். போருக்கும் கம்யூனுக்கும் பிறகு ஃப்ளாபேர் எழுதியது போலவே படித்த வர்க்கத்தில் நிறையப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நண்பருக்குச் சொன்ன பதில் அவர்கள் எல்லாருக்கும் சேர வேண்டியதாக இருந்தது. மேலும் அந்தக் கட்டுரையில் ஃப்ளாபேரைச் சிறுமைப்படுத்தும் வரி ஒன்றுகூடக் கிடையாது. தான் நேசிக்கும் ஒருவரிடம் மன்றாடுகிற குரல்தான் முழுக்க.

தாழம்பூ:

மேலே நான் சொன்ன கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், 1875.

ஃப்ளாபேரின் தங்கை மகள் கரோலினுடைய கணவர் கொமான்வீலின் மரவியாபாரம் நொடித்துப்போனது. அந்தப் பெண்ணின் குடும்பம் திவாலாகாமல் காக்க ஃப்ளாபேர் தோவில் பக்கத்தில் இருந்த தன் பண்ணை நிலத்தை இரண்டு லட்சம் பிராங்குக்கு விற்றுப் பணத்தை அங்கே போட்டார். க்ருவாஸே வீடும் அம்மாவின் உயில்படி கரோலின் பெயரில் இருந்தது. அதுவும் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார். அப்போது சாண்ட் எழுதுகிறார்: கையில் பணமாக ஒன்றும் இல்லை, ஆனால் விலை என் சக்திக்கு மீறாமல் இருந்தால் அந்த வீட்டை நான் வாங்கிக்கொள்கிறேன், நீ வாழ்நாள் முழுக்க அங்கேயே இரு.

71 வயது. பேனாவால் சம்பாதித்துப் பெரிய குடும்பத்தைத் தாங்கியவர். இதை யோசித்துப் பாருங்கள். வாங்க வேண்டிய தேவை கடைசியில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

நிலாமுற்றம் சொன்ன க்ருஷார் விளையாட்டை நானும் ரசிக்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

நிலாமுற்றம்:

ஒரே தராசில் வைக்க வேண்டாம், சரி. ஆனால் அந்த 1875இன் தொடர்ச்சிதான் என் வாதத்துக்கு அடிப்படை.

அந்த இலையுதிர் காலத்தில் ஃப்ளாபேர் பிரிட்டனி கடற்கரையில் கொன்கார்னோவுக்குப் போனார். கையில் இருந்த பெரிய நாவல் 'புவாரும் பெக்குஷேயும்' நகரவில்லை. சும்மா இருக்க முடியாமல் 'புனித ஜூலியன்' கதையைத் தொடங்கினார். டிசம்பரில் சாண்டிடமிருந்து கடிதம் வருகிறது. நாம் இருவரும் இனி என்ன செய்யப் போகிறோம்? நீ நிச்சயம் துயரத்தைத்தான் எழுதுவாய், நான் ஆறுதலை எழுதுவேன் என்கிறார். உன்னைப் படிப்பவர்களை நீ மேலும் சோகமாக்குகிறாய், நான் அவர்களுடைய துன்பத்தைக் கொஞ்சம் குறைக்கப் பார்க்கிறேன் என்கிறார்.

ஃப்ளாபேர் பதறிப்போய்ப் பதில் எழுதுகிறார். எனக்கு நம்பிக்கைகள் இல்லாமல் இல்லை, உள்ளே அடக்கிய கோபத்தில் வெடித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் கலை என்றால் அதையெல்லாம் வெளியில் காட்டக் கூடாது என்கிறார். 1876 ஜனவரியில் சாண்ட் மறுபடியும் நீளமாக எழுதுகிறார். 'உணர்வுக் கல்வி' ஏன் தோற்றது என்று நேரடியாகவே சொல்கிறார். அந்த மனிதர்களைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று வாசகருக்குத் தெரியாமல் போனதுதான் காரணமாம். ஆறு வருடம் முன்னால் அதே நாவலுக்காகப் பத்திரிகையில் வாதாடியவர் இதை எழுதுகிறார். ஊருக்கு முன்னால் பாதுகாத்தார், தனியாக உண்மையைச் சொன்னார்.

பிப்ரவரியில் ஃப்ளாபேர்: ஒரு நூலில் இருக்க வேண்டிய அறத்தை வாசகன் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், வாசகன் முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை அந்த நூல் துல்லியத்தில் பொய்யாக இருக்க வேண்டும். கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பிப்ரவரி, மார்ச்சிலேயே 'எளிய இதயம்' தொடங்குகிறது. மே 29ஆம் தேதிக் கடிதத்தில் அவரே எழுதுகிறார்: இதில் உங்கள் நேரடித் தாக்கத்தை நீங்கள் காண்பீர்கள், நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் பிடிவாதக்காரன் இல்லை என்பதும் தெரியும். கரிசல்காடு, 'தாக்கம்' என்று சொன்னவர் விமர்சகர் அல்ல, ஃப்ளாபேர்தான்.

அந்தக் கடிதத்துக்குப் பத்தாம் நாள், ஜூன் 8, சாண்ட் நோவானில் இறந்துவிட்டார். கதை அப்போது பாதியில் இருந்தது.

இரவுவாசகன்:

ஐயோ. அப்படியானால் அந்தக் கதையை அவர் படிக்கவே இல்லையா?

நிலாமுற்றம்:

இல்லை. ஆகஸ்டில்தான் முடித்தார். 1877இல் 'மூன்று கதைகள்' தொகுப்பாக வந்தது. அந்த 1877 ஆகஸ்டில் மொரீஸுக்கு எழுதிய கடிதத்தில், அவருக்காக மட்டுமே, அவரை மகிழ்விக்க மட்டுமே அதைத் தொடங்கினேன், பாதியில் இருக்கும்போது அவர் இறந்துவிட்டார் என்று சொல்கிறார்.

நோவான் அடக்கத்துக்கு ஃப்ளாபேர் போயிருந்தார். மழை. இளவரசர் நெப்போலியன், ரெனான், இளைய டூமா எல்லாரும் வந்திருந்தார்கள். மகள் சொலாஞ்சின் பிடிவாதத்தால் கத்தோலிக்கச் சடங்கு நடந்தது. விக்டர் யூகோ அனுப்பிய அஞ்சலியை வாசித்தார்கள். ஃப்ளாபேர் துர்கனேவுக்கு எழுதுகிறார்: கன்றுக்குட்டி மாதிரி அழுதேன், இரண்டு தடவை. பேத்தி ஒரோரைக் கட்டிக்கொண்டபோது ஒரு தடவை, அன்றைக்கு அந்தக் குழந்தையின் கண்கள் அப்படியே பாட்டியின் கண்களாக இருந்தனவாம். சவப்பெட்டி முன்னால் போனபோது இன்னொரு தடவை.

கரிசல்காடு:

மே 29 கடிதம் எனக்கும் தெரியும். நோய்வாய்ப்படும் வயதில் இருந்த ஒரு தோழியிடம் அன்பாகச் சொன்ன வார்த்தையை இலக்கிய வரலாற்றுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். 'அவருக்காக எழுதினேன்' வேறு, 'அவரால் மாறினேன்' வேறு.

'மதாம் பொவாரி'யின் விவசாயக் கண்காட்சிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். காத்தரின் லெரூ என்ற கிழவி மேடைக்கு வருகிறாள். ஒரே பண்ணையில் 54 வருட ஊழியத்துக்காக 25 பிராங்கு மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம். வேலை செய்து செய்து மூடக்கூட முடியாமல் பாதி திறந்தே கிடக்கும் அந்தக் கைகளை ஃப்ளாபேர் வர்ணிக்கும் இடம் நாவலின் மிகச் சிறந்த பத்திகளில் ஒன்று. அது 1857. சாண்டோடு பழக்கம் வருவதற்குப் பல வருடம் முன்னால். ஃபெலிசித்தே அப்போதே ஃப்ளாபேருக்குள் இருந்தாள். அவளைக் கொடுத்தது சாண்ட் இல்லை.

நிலாமுற்றம்:

இதற்காகத்தான் இழை தொடங்கினேன்! காத்தரின் லெரூவை நான் யோசிக்கவே இல்லை, மிக நல்ல உதாரணம். ஆனால் அந்தக் காட்சி எப்படி முடிகிறது என்று பாருங்கள். பதக்கத்தைக் கையில் வாங்கிய கிழவி, எனக்காகப் பூசை வைக்கச் சொல்லி எங்கள் ஊர்ப் பாதிரியாரிடம் கொடுத்துவிடுவேன் என்று முணுமுணுக்கிறாள். உடனே மருந்துக்கடைக்காரர் ஓமே, என்ன மூடபக்தி என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார். கடைசிச் சொல் ஓமேயுடையது. கிழவி ஒரு பக்கம் வந்து மறைந்துவிடுகிறாள், ஏளனம் அவளைச் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

'எளிய இதயம்' கதையில் ஓமே இல்லை. ஃபெலிசித்தே கிளியைப் பரிசுத்த ஆவியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறாள். கேலிக்கு அதைவிட வசதியான இடம் உண்டா? ஆனால் யாரும் கேலி செய்வதில்லை. சாகும் நேரத்தில் தலைக்கு மேல் ஒரு பெரிய கிளி பறப்பதைப் பார்த்ததாக அவள் நினைத்தாள் என்று ஃப்ளாபேர் எழுதி அப்படியே விட்டுவிடுகிறார். அந்த ஜூன் மாதத்திலேயே மதாம் ரொஜே தெ ஷெனெத் என்ற தோழிக்கு, இதில் நீங்கள் நினைப்பது போல ஏளனம் எதுவும் இல்லை, மிகவும் தீவிரமானது, மிகவும் சோகமானது, இரக்கத்தை உண்டாக்க விரும்புகிறேன், மென்மையான மனங்களை அழவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருவன் என்று எழுதினார்.

பத்து வருடம் முன்னால், மனதில் உள்ளதைத் தாளில் வைக்க அருவருப்பு என்றவர் இவர். முறை மாறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த நூறு பிராங்கு வரி அவருக்கு மட்டுமே உரியது. ஆனால் அந்த முறையை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனுஷியை முழுக் கதைக்கு மையமாக்கி, எந்தத் துளி விஷமும் சேர்க்காமல் எழுத அவரைத் தூண்டியது சாண்டோடு நடந்த வாதம்தான். ஆறுதல் எழுது என்றார் சாண்ட். தன் விதி எதையும் மீறாமல் எவ்வளவு ஆறுதல் எழுத முடியுமோ அவ்வளவு எழுதினார்.

கரிசல்காடு:

ஓமே இல்லை என்பதை ஏற்கிறேன், அது வலுவான இடம். ஆனால் அந்த வருடம் அவருக்குச் சொத்து போனது, அம்மா போய் நாலு வருடம் ஆகியிருந்தது, கதையில் வரும் பொன்-லெவேக்கும் த்ரூவீலும் அம்மா வழி உறவுகள் இருந்த ஊர்கள், சிறு வயது விடுமுறைகள் கழிந்த இடங்கள். ஏளனம் வற்றியதற்கு அந்த இழப்புகளும் போதுமான காரணம். சாண்டுக்குப் பாதிப் பங்கு தருகிறேன், அதற்கு மேல் தர மாட்டேன்.

அச்சுக்கோப்பு:

பாதிப் பங்கு வாங்கியதே பெரிசு, நிலாமுற்றம். கரிசல்காடு சுலபத்தில் தரமாட்டார்.

இரவுவாசகன்:

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்? நானூறு கடிதத்தையும் இப்போதே படிக்க முடியாது. எனக்கு பிரெஞ்சு தெரியாது.

அச்சுக்கோப்பு:

பிரெஞ்சில் 1981இல் அல்ஃபோன்ஸ் ஜாகோப்ஸ் பதிப்பித்ததுதான் இருவர் கடிதங்களையும் ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்த பதிப்பு. அதைப் பின்பற்றி ஸ்டீக்முல்லரும் பார்பரா ப்ரேயும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1993இல் வந்தது, கிடைத்தால் அதையே எடுங்கள். 1921இல் வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது, ஆனால் முழுமையானது அல்ல. முதலில் 1866 நவம்பர், டிசம்பர் கடிதங்கள், அடுத்து 1871 செப்டம்பர், அக்டோபர், அதன் பிறகு 1875 டிசம்பர் முதல் 1876 மே வரை. இந்த மூன்று கொத்துகளைப் படித்துவிட்டால் மீதியைத் தானாகத் தேடிப் படிப்பீர்கள்.

தாழம்பூ:

அதோடு சாண்டின் நாவல் ஒன்றையும் படியுங்கள். இல்லையென்றால் ஃப்ளாபேர் யாரோடு வாதாடினார் என்று தெரியாமலே கடிதங்களைப் படிப்பீர்கள். 1846இல் வந்த 'பேய்க் குளம்' சின்ன நூல், ஒரே நாளில் முடித்துவிடலாம். பெரி நாட்டு உழவர்களைப் பற்றியது. அதைப் படித்த கையோடு 'எளிய இதயம்' படித்தால், மேலே கரிசல்காடும் நிலாமுற்றமும் எதற்காக மல்லுக்கட்டினார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எந்தப் பக்கம் என்று வந்து சொல்லுங்கள்.